உரைகாரி

மகுடபதியை விட்டுப் பிரிந்துவிடுவது என்று பிருந்தா முடிவு செய்து, ஈரோட்டில் ஒரு வக்கீலைப் பார்த்து மனுவும் கொடுத்துவிட்டு வந்த அதே மாதத்தில்தான் அரசாங்க ஜீப் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

சண்டை என்று எதுவும் இல்லை. அதைத்தான் அவளால் யாருக்கும் விளக்க முடியவில்லை. மகுடபதி குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். பேசமாட்டார், அவ்வளவுதான். நில அளவைத் துறையில் வேலை. சாயங்காலம் வருவார், சட்டையைக் கழற்றி மாட்டுவார், நாற்காலியில் உட்காருவார். பசிக்கிறதா, தலைவலியா, ஆபீசில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா, எல்லாவற்றையும் அவர் முகத்திலிருந்தும் செருப்பை உதறுகிற தினுசிலிருந்தும் அவள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் அது விளையாட்டு மாதிரி இருந்தது. போகப் போக வேலையாகிவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், விடை சொல்லாத ஒரு கணக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

"வேற யாராச்சும் இருக்காங்களா அவருக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"இல்லீங்க."

"அடிப்பாரா?"

"சேச்சே."

"அப்பறம் காரணம்னு என்னத்தங்க எழுதறது?"

"அவரைப் படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சுங்க. அப்படின்னு எழுதுங்க."

வக்கீலம்மா மனக்கொடுமை என்று எழுதிக்கொண்டார்.

ஜீப்பில் வந்த அம்மாள் டாக்டர் சுகிர்தா. நரைத்த கிராப்புத் தலை, தோளில் ஒரு பிளாஸ்க். கோத்தகிரிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தேயிலை பேக்டரியில் அரசாங்கம் தூரப்பார்வை மையம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. அவர்தான் அதற்கு இயக்குநர். போன வருஷம் அரசு ஊழியர்களுக்கெல்லாம் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். மூடிய உறைக்குள் என்ன இருக்கிறது என்று தோன்றுவதை வரைய வேண்டும். அதில் தேறியவர் இந்த மாவட்டத்திலேயே மகுடபதி ஒருவர்தானாம்.

"தூரத்துல இருக்கறத இவரால பாக்க முடியும்மா. கண்ணால இல்ல, மனசால," என்றார் சுகிர்தா. "ஆனா அப்படியே தெரியாது. அங்க இருக்கற சங்கதி மனசுக்குள்ள நுழையணும்னா ஏதாவது ஒரு வேஷம் போட்டுக்கிட்டுதான் வரும். அம்மா, பாம்பு, கிழவன், கிணறு, பாலம், இந்த மாதிரி. ஆதி உருவங்கள்னு சொல்லுவோம். மனுஷனாப் பொறந்த எல்லாருக்கும் பொதுவான வேஷங்கள். எந்த வேஷத்துக்கு என்ன அர்த்தம்னு எங்ககிட்ட ஒரு அகராதி இருக்கு."

"அதை வெச்சுட்டு என்னங்க பண்ணுவீங்க?"

"மழைக்காலத்துல மலை சரியுதில்ல? மண்ணுக்கடியில யாரு எந்த எடத்துல உசுரோட இருக்காங்கன்னு பாத்துச் சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

மகுடபதி தலையை மெல்ல ஆட்டினார். அது சம்மதமா மறுப்பா என்று டாக்டருக்குப் புரியவில்லை. பிருந்தாவைப் பார்த்தார்.

"சரிங்கறாருங்க," என்றாள் பிருந்தா.

பின்னால் நினைத்துப் பார்த்தபோது, அவள் வேலை அந்த ஒரு வார்த்தையிலேயே தொடங்கிவிட்டது என்று தோன்றியது.

புது இடத்தில் அவரைக் குடிவைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கூடப் போனாள். பேக்டரிக்குப் பின்னால், சரிவில், ஊழியர் குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து அடுப்படிவரை போகும். அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஓர் எஸ்டேட்டில் மண் சரிந்தது. மகுடபதியை ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். சரிந்த இடத்தின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் போட்டு, அந்த எண்ணை மட்டும் ஒரு தாள்துண்டில் எழுதி அவரிடம் கொடுப்பார்கள். எந்த ஊர், என்ன இடம் என்று எதுவும் தெரியாமல் அவர் தோன்றுவதை வரைவார். ஒரு கட்டத்துக்கு அவர் படுத்திருக்கும் தாயை வரைந்தார். அகராதிப்படி தாய் என்றால் பாதுகாப்பு, உயிர். அங்கே தோண்டினார்கள். வீட்டுப் பருமனுக்கு ஒரு பாறை கிடந்தது. அதற்கடியில் இருந்தவர்களுக்கு எப்போதோ உயிர் போய்விட்டிருந்தது.

அதற்கடுத்த வாரம் டாக்டர் சுகிர்தா குடியிருப்புக்கு வந்தார். பிருந்தா ஊருக்குக் கிளம்பப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவங்க அம்மா எப்படிப்பட்டவங்க?"

"எதுக்குங்க?"

"அந்த உருவமெல்லாம் எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சு நாங்க எங்கயோ தப்பு பண்றோமோன்னு ஒரு சந்தேகம்."

பிருந்தா சொன்னாள். மாமியார் வாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் மகுடபதிதான் தினமும் காலையில் அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, தூக்கி உட்காரவைப்பார். "பாசம் இல்லாம இல்லீங்க. ஆனா அம்மான்னா இவருக்கு மொதல்ல ஞாபகம் வர்றது பாரம். அசைக்க முடியாத பாரம்."

சுகிர்தா எழுந்துகொண்டார். பிறகு ஆபீசுக்குப் போய் அதுவரை வரைந்த தாள்களையெல்லாம் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார்.

"பாம்பு?"

"தண்ணீங்க. சின்ன வயசுல வாய்க்கால்ல தண்ணி திறந்து விட்டப்ப, வளைஞ்சு வந்ததப் பாம்புன்னு நெனச்சுப் பயந்து ஓடியிருக்காரு. ஊரே சிரிச்சிருக்கு. இன்னைக்கும் குழாயத் திறந்தா ஒரு அடி பின்னால போவாரு, பாத்திருக்கீங்களா?"

"கிழவன்? எங்க புத்தகத்துல வழிகாட்டின்னு இருக்கு."

"இவருக்கு அது பெரியப்பா. நல்லவர் மாதிரி இருந்து இவங்க காட்டை எழுதி வாங்கிட்டவரு. அவரு வந்தா அந்த எடம் பாக்கறதுக்குக் கெட்டியாத் தெரியும், மிதிச்சா உள்ள போயிரும்."

அன்று அவள் ஊருக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அடுத்த சரிவில் அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து, வந்த தாள்களைப் பார்த்துச் சொன்னாள். இங்கே வெறும் மண். இங்கே ஊற்று, தோண்டினால் இன்னும் சரியும். இங்கே ஆள். மண்ணைத் தள்ளியபோது ஒரு குடும்பமே இருமிக்கொண்டு வெளியே வந்தது. ஆபீசில் தமிழ் எம்.ஏ. படித்த கிளார்க் ஒருவர் அவளுக்கு உரைகாரி என்று பெயர் வைத்தார். பழைய பாட்டுக்கு உரை எழுதுகிறவர்களைப் போல, இவள் புருஷனுக்கு உரை சொல்கிறவள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நீதிமன்றத்தில் அவள் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போனது. பொதுநலன் கருதி என்று அரசுத் தரப்பில் ஒரு வக்கீல் எழுந்து நிற்பார். ஒருமுறை நீதிபதியே கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ஊர்க் குடும்பத்தையெல்லாம் காப்பாத்தறீங்க. உங்க குடும்பத்தை மட்டும் ஏன் உடைக்கணும்ங்கறீங்க?" கூண்டில் நின்றபடி அவள் மகுடபதியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. எனக்கும் இது பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதையும் அவள்தான் நீதிபதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

காப்பாற்றப்பட்டவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அழைப்பு வரும். போகாமல் இருக்க முடியாது. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து ஜோடியாக அவர்கள் காலில் விழுவார்கள். "உங்களாட்டமே நாங்களும் இருக்கணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க." பிருந்தா அட்சதை போடுவாள். மகுடபதி கையிலிருக்கும் அரிசி கீழே உதிர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு கோடையில் மழை இல்லாத மாதங்களைப் பார்த்து அவள் ஈரோட்டில் தங்கை வீட்டுக்குப் போனாள். டாக்டர் தயங்கித்தான் அனுப்பினார். அங்கே அவள் யார் முகத்தையும் உற்றுப் பார்க்காமல் சாப்பிட்டாள், தூங்கினாள், தங்கை புருஷன் ஓயாமல் அரசியல் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உடம்பிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. ஜூன் பிறந்ததும் திரும்பி வந்தாள். வந்து சேர்ந்த கையோடு ஒரு சரிவு. மகுடபதி ஒரு கட்டத்துக்குப் பாலம் வரைந்திருந்தார். பாலம் என்றால் அவருக்கு எப்போதுமே ஆளிடம் போய்ச்சேர வழி இருக்கிறது என்று அர்த்தம். அங்கே தோண்டச் சொன்னாள். அங்கே எதுவும் இல்லை. தள்ளியிருந்த இன்னொரு கட்டத்தில் சின்னச்சாமி என்கிற பால் வண்டி ஓட்டுநர், எல்லோரும் இங்கே தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில், மூச்சு முட்டிச் செத்துப்போனார்.

அவள் ஊரில் இல்லாத நாள்களில் மகுடபதி தினம் சாயங்காலம் நடந்துபோய் ஓடைப் பாலத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறார். வற்றின ஓடை. அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. அவர் மனதில் பாலம் மாறிவிட்டிருந்தது. யாரும் வராத இடம் என்று ஆகிவிட்டிருந்தது.

"இது உங்க தப்பில்ல," என்றார் சுகிர்தா. "ஆனா இப்பதான் புரியுது. உள்ள இருக்கறது மாறிக்கிட்டே இருக்கும். கூட இருந்து பாத்துக்கிட்டே இருந்தாத்தான் அகராதி செல்லும். விட்டா பழசாயிடும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

சின்னச்சாமியின் மனைவி ஒருநாள் மையத்துக்கு வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவள் மெதுவான குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு கடைசியா என்ன நெனச்சாருன்னு சார் பாத்துச் சொல்லுவாராங்க? எங்ககிட்டச் சொல்லிக்க நேரமில்லாமப் போயிருச்சு."

அதற்குப் பிறகு பிருந்தா எங்கேயும் போகவில்லை. காலையில் அவர் எந்தச் சட்டையை எடுக்கிறார், சோற்றில் எதை ஒதுக்குகிறார், தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தாள். வாரம் ஒருமுறை டாக்டரிடம் அதையெல்லாம் சொன்னாள். எந்தக் குணத்துக்காக அவரை விட்டுப் போக நினைத்தாளோ அதைக் காவல் காப்பதே வேலையாகிவிட்டது. பனிமூட்டம் ஏறிவந்து குடியிருப்பை மூடிக்கொள்ளும்போது, மண்ணுக்கடியில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைப்பாள். அவர்களுக்காவது தோண்டி எடுக்க யாரோ வருகிறார்கள்.

மூன்றாவது வருஷம், ஐப்பசி மழையில், ஒருநாள் விடிந்ததும் சேரம்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின்மேல் மலை இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. காலைச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு இருவரும் போனார்கள். மகுடபதி தன் அறைக்குள் போனார். பிருந்தா தன் மேசையில் உட்கார்ந்தாள்.

முதல் தாள் வந்தது. வெள்ளையாக இருந்தது. இரண்டாவதும் வெள்ளை. அடுத்தடுத்து வந்த எல்லாமே வெள்ளை.

"ஒண்ணுமே வரலியா?" என்றார் சுகிர்தா. "உடம்பு சரியில்லையா அவருக்கு? ராத்திரி தூங்கினாரா?"

பிருந்தா தாள்களைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லாத கட்டத்துக்கு மகுடபதி சின்னதாக ஒரு வட்டம் போடுவார். வெறும் மண்ணுக்கும் அவரிடம் ஓர் உருவம் உண்டு. இவை வட்டம்கூடப் போடாத தாள்கள்.

"நான் அவர்கிட்டப் பேசணும் மேடம்."

"அது கூடாதும்மா. பாக்கறவங்களும் உரை சொல்றவங்களும் நடுவுல பேசினா எல்லாம் கலங்கிடும்."

"பேசலைன்னா ஒண்ணுமே கெடைக்காதுங்க."

சுகிர்தா வழிவிட்டார்.

அறைக்குள் மகுடபதி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சில் மேசை விளிம்புக்கு நேர்க்கோட்டில் வைக்கப்பட்டிருந்தது. பிருந்தா கதவைச் சாத்தினாள்.

"ஏனுங்க, ஏன் வரையல?"

அவர் பென்சிலை இன்னும் கொஞ்சம் நேராக்கினார்.

"எனக்குத் தெரியும். பாத்துட்டீங்க. பாத்துட்டு வரையாம உக்காந்திருக்கீங்க."

"ஒண்ணும் வரலேன்னு சொல்லிரு," என்றார் மகுடபதி.

அவர் கடைசியாக முழு வாக்கியம் ஒன்றை எப்போது பேசினார் என்று நினைவில்லை.

"எதுக்கு?"

"ரெண்டு மூணு தடவ வரலேன்னா இவனுக்கு வத்திப்போச்சுன்னு விட்டுருவாங்க. உன்னயும் விட்டுருவாங்க."

"மண்ணுக்குள்ள ஆளு இருக்காங்க."

"எப்பவும் யாராச்சும் இருப்பாங்க, பிருந்தா." அவர் குரல் உடைந்தது. "இந்த மழைக்கு இல்லீன்னா அடுத்த மழைக்கு. அதுக்கு முடிவே கெடையாது. நீ கோர்ட்டுல நிக்கறத நான் பாத்துட்டுத்தான இருக்கறேன்? உனக்கு எப்பத்தான் விடியறது?"

தனக்கு வருவது அழுகையா ஆத்திரமா என்று பிருந்தாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக இந்த மனுஷர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இதில் பாதியை முன்பே பேசியிருந்தால் வக்கீலைத் தேடிப் போயே இருக்கமாட்டாள். திரும்பிக் கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஒண்ணும் வரலீங்க மேடம் என்கிற வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. அவர் சொன்னது சரி. எப்போதும் யாராவது இருப்பார்கள். இன்றைக்கு இரண்டு பேரைக் காப்பாற்றினால், அது அடுத்த வருஷம் வேறு இரண்டு பேருக்காக அவளை இங்கேயே கட்டிவைக்கும். வெளியே வயர்லெஸ் கரகரத்தது. ஆட்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள், எந்தப் பக்கம் தோண்டுவது என்று யாரோ கத்திக் கேட்டார்.

சின்னச்சாமியின் மனைவியுடைய மெதுவான குரல் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "வரைய வேண்டாம். வாயாலயே சொல்லுங்க. என்ன பாத்தீங்க?"

மகுடபதி எண்கள் எழுதிய தாள்துண்டுகளில் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல ஒரு அம்மா இருக்காங்க. பீரோ சரிஞ்சு சுவத்துல நிக்குது, அதுக்கடியில. வலது கை மாட்டியிருக்கு. பக்கத்துல அவங்க வீட்டுக்காரரு. அந்தம்மா அவர்கிட்டப் பேசிட்டே இருக்காங்க. திட்டறாங்க, அப்பறம் கொஞ்சறாங்க. பதில் சொல்லுங்கங்கறாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு கேக்கற நெலமைல இல்ல."

பிருந்தா அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியானத்துக்குள் அந்த அம்மாளை எடுத்துவிட்டார்கள். பீரோ, வலது கை, எல்லாம் சொன்னபடியே இருந்தது. பாம்பும் இல்லை, கிழவனும் இல்லை. முதல்முறையாக இருந்தது இருந்தபடியே வந்திருந்தது. தூக்குக் கட்டிலில் வைக்கும்போதும் அந்த அம்மாள் பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தாராம்.

நடந்ததையெல்லாம் பிருந்தா ஒளிக்காமல் சுகிர்தாவிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து நெடுநேரம் கூரையைப் பார்த்தார்.

"அப்ப அந்த வேஷம் எல்லாம் மனசோட விதி இல்ல. பேசாத மனுஷன் கண்டுபிடிச்ச பாஷை, அவ்வளவுதான்." எழுந்து நடந்தார். "பிருந்தா, புரியுதா உங்களுக்கு? அவரு வாயால சொல்ல முடியும்னா உரை எதுக்கு? யாரு எதிர உக்காந்து கேட்டாலும் போதும். நானே கேக்கலாம். நீங்க வீட்டுக்குப் போகலாம்!"

மழை ஓய்ந்த ஒரு காலையில் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிருந்தா நின்றாள். அந்தப் பக்கம் சுகிர்தா மகுடபதியின் எதிரே உட்கார்ந்து ஓர் எண்ணைச் சொன்னார். "என்ன தெரியுது சார்? உங்க வார்த்தையில சொல்லுங்க."

மகுடபதி வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. நெற்றி வேர்த்தது. அவருடைய கை தானாகப் பென்சிலைத் தேடியது. அதை இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டார். மறுபடியும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சுகிர்தாவுக்குப் பதில் கிளார்க்கை உட்காரவைத்தார்கள். வேறு ஒருவரை உட்காரவைத்தார்கள்.

"வேணும்னே பண்றாரோ?" சுகிர்தா வெளியே வந்து கேட்டார். "உங்களைப் போக விடக்கூடாதுன்னு?"

பிருந்தா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் பதில் சொல்ல முடியும். ஆமாம், வேண்டுமென்றே செய்கிறார் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். அவரைப் பிடித்து உலுக்குவார்கள். அவள் பஸ் ஏறிவிடலாம்.

"இல்லீங்க. நெஜமாவே முயற்சி பண்றாரு. வரமாட்டேங்குது."

"நீங்க போய் உக்காருங்க," என்றார் சுகிர்தா சோர்ந்துபோய்.

அவள் போய் எதிரே உட்கார்ந்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே ஒலிவாங்கி தொங்கியது. எண்ணைச் சொல்ல அவள் வாயெடுக்குமுன் அவரே பேசினார்.

"நீ போயிரு."

அதோடு கைகளைக் கட்டிக்கொண்டார். வெளியே வந்தவளிடம் சுகிர்தா பரபரப்போடு கேட்டார்: "நீ போயிருன்னாரே, அது என்ன? அந்தக் கட்டத்துல இருக்கறதா? யாரோ தப்பிச்சுப் போறாங்களா? இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"இதுக்கு உரை வேண்டாங்க," என்றாள் பிருந்தா. "சொன்னதுதான் அர்த்தம்."

அன்று மத்தியானமே பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கேட்டில் நின்ற காவலாளி டாக்டரின் அறையைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் நின்ற சுகிர்தா முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தடுப்புக் கட்டை மேலே போனது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கீழே இறங்க இறங்கக் காது அடைத்து அடைத்துத் திறந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மாடியில் ஓர் அறை, சின்ன அடுப்படி, மேலே மொட்டை மாடி. அரசுத் தரப்பு ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுகிர்தாதான் எழுதியிருக்க வேண்டும். அடுத்த வாய்தாவிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மகுடபதி வரவில்லை. சட்டப்படி அவர்கள் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை.

அடுத்த மழையில் போன் அடித்தது. அவள் வகுப்பில் இருந்தாள்.

"இது நியாயமில்லைன்னு தெரியும்மா," சுகிர்தா அழுகிற குரலில் பேசினார். "உங்க குரலைக் கேட்டா ஒருவேளை... ஒரே ஒரு தடவை."

பிருந்தா வராந்தாவுக்கு வந்தாள். அவள் பின்னால் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்க," என்றாள் போனில். அந்த முனையில் போன் கைமாறி, மூச்சுவிடும் சத்தம் கேட்டது. முகம் தெரியவில்லை, கை தெரியவில்லை. படிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மகுடபதி பேசத் தொடங்கினார். கூரைத் தகடு, அதற்குக் கீழே மூன்று பேர், ஒருவருக்குக் கால் போய்விட்டது.

அதன்பிறகு அவள் போனை அணைக்க முடிந்ததில்லை. குளிக்கப் போகும்போது ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவாள். சினிமாவுக்குப் போவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மட்டும் வகுப்புக்குள் போன் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்ட டீச்சர்களிடம், உடம்பு சரியில்லாத உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். மலையில் மேகம் கூடினால் இங்கே அவளுக்குச் சோறு இறங்காது.

தை பிறந்து மழை முழுக்க விட்டுவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போன் அடித்தது. சுகிர்தாவின் எண் இல்லை. எடுத்தாள்.

"நாந்தான்," என்றார் மகுடபதி.

"எந்த எஸ்டேட்டு?" பிருந்தா பேனாவைத் தேடினாள்.

"எஸ்டேட்டு இல்ல. யாரும் மாட்டிக்கல. சும்மாதான் கூப்பிட்டேன்."

அவள் பேனாவை வைத்தாள். சும்மா என்றால் என்ன என்று தெரியவில்லை. முன்பென்றால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாள். அந்த முனையில் பழைய மௌனம் வந்து உட்கார்ந்தது. இட்டு நிரப்பாமல் காத்திருந்தாள்.

"இங்க பனி இறங்கிருச்சு," என்றார் அவர். "ஒண்ணுமே தெரியறதில்ல."

"இங்கயும் அப்படித்தான். மூடிட்டு நிக்குது," என்றாள் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"இல்லயே." மகுடபதியின் குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. "அங்க நல்லா வெயிலடிக்குது. மொட்டை மாடியில உன்ற பச்சைப் புடவை காயுது. ஒரு ஓரம் கிளிப்பு விட்டுப்போயிருக்கு."

யாரும் அவருக்கு எண் கொடுக்கவில்லை. வரைபடம் இல்லை, கட்டம் இல்லை. எந்த வேஷமும் போட்டுக்கொள்ளாமல், புடவை புடவையாகவே அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் சொல்லிவிடுவார். இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாரே.

ஜன்னலைச் சாத்தப் போனாள். கதவைப் பிடித்த கை பாதியில் நின்றது. சாத்தி என்ன ஆகப்போகிறது?

"காலைலதான் தொவச்சேன்," என்றாள். "இன்னும் காயல."